ஒரு வல்லரசுக்குத் தொண்டராவது எப்படி?

இரவு ஒன்பது மணிக்கு மேல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாத் தெருவில் ஒரு காக்கா (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, எந்தப் பக்கமும் சேராமல் ஒரு தே தாரிக்கை (ஆற்றிய பால் தேநீர்) முழுசாகக் குடித்து முடிக்க முடியாது. வேண்டுமானால் முயன்று பாருங்கள். பாதிக் குவளை இறங்குவதற்குள் பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார். "அண்ணே, இந்த வரி விசயத்துல நீங்க டிரம்ப் பக்கமா, சீனாக்காரன் பக்கமா?" ரெண்டு பேர் பக்கமும் இல்லை தம்பி என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். விவரம் தெரியாத ஆள் என்று முடிவுகட்டி, அரிச்சுவடியிலிருந்து பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். தே தாரிக்கில் ஆடை கட்டிவிடும்.

ஆகவே ஏதாவது ஒரு வல்லரசோடு சேர்ந்துவிடுவதே உடம்புக்கு நல்லது. எப்படிச் சேர்வது, சேர்ந்தபின் என்ன செய்வது, முக்கியமாக என்னென்ன செய்யக் கூடாது என்பதையெல்லாம் ஆர்வலர்களின் நன்மை கருதி எழுதிவைக்கிறேன். சந்தா கிடையாது. உறுப்பினர் அட்டை கிடையாது. நீங்கள் சேர்ந்த விசயம் அந்த வல்லரசுக்குத் தெரியவும் தெரியாது.

முதலில் ஒன்றைப் பிடியுங்கள்

அமெரிக்காவைப் பிடித்தால் வசதிகள் நிறைய. படம், பாட்டு, பிள்ளைகளின் மேல்படிப்புக் கனவு எல்லாம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. ஒரே தொல்லை, அது உங்கள் நாட்டுக்கே வரி போடும். 2025 ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு 24 சதவீதம் என்றார்கள். ஜூலையில் 25 என்றார்கள். ஆகஸ்டில் 19-இல் வந்து நின்றது. அந்த 19-ஐ வெற்றி என்று கைதட்டத் தெரிந்தவரே முழுமையான அமெரிக்கத் தொண்டர். ஏப்ரலுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று யாராவது கேட்டால் தோசைக்குச் சட்னி கேட்டு எழுந்துவிடுங்கள்.

சீனாவைப் பிடித்தால் செலவு குறைவு. கைப்பேசியிலிருந்து தீபாவளி வண்ண விளக்கு வரைக்கும் மலிவாகக் கிடைக்கும், வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் தென்சீனக் கடல் என்று ஒன்று இருக்கிறது. 2023 ஆகஸ்டில் சீனா வெளியிட்ட வரைபடத்தில், சபா சரவாக் கரைக்குப் பக்கத்துக் கடலும் அவர்கள் போட்ட கோட்டுக்குள் போயிருந்தது. மலேசிய அரசாங்கம் அந்தப் படத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. தொண்டராகிய நீங்கள், "அது சும்மா பென்சில் கோடு" என்று சொல்லப் பழக வேண்டும்.

ரஷ்யா கொஞ்சம் பழைய சரக்கு. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்து, அந்த வழவழப்பான தாளைத் தடவித் தடவிப் படித்த பெரியவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்கிறேன்.

இந்தியாவைப் பிடிப்பது எங்களுக்குச் சிக்கலான வேலை. பிறந்தது கிள்ளான், படித்தது கிள்ளான், இந்தியாவைப் பார்த்தது பெரும்பாலும் தொலைக்காட்சியில். ஆனாலும் 2025 மே 7-ஆம் தேதி தொடங்கி நாலு நாள் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது இந்தத் தெருவிலும் வேகத்துக்குக் குறைச்சலில்லை. இங்கே நிலைமை எப்படி என்றால், சோறு போடுகிற தம்பி ராமநாதபுரம், தே ஆற்றுகிற தம்பி பங்களாதேஷ், கூப்பிடு தூரத்தில் கம்பளம் விற்கிறவர் பாகிஸ்தான். பேச்சு முழுக்க விமானத்தைப் பற்றி. ரஃபேல் உசத்தியா, ஜே-10 உசத்தியா? ஒன்று பிரெஞ்சுக்காரன் செய்தது, இன்னொன்று சீனாக்காரன் செய்தது. வாங்கியவர்களுக்காக இங்கே தொண்டை வறண்டது. நாலு நாளும் அதே பங்களாதேஷ் தம்பிதான் எல்லோருக்கும் தே ஆற்றினார்.

இடையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாலஸ்தீனத்துக்காக இந்தத் தெருவில் உண்டியல் குலுக்குகிறவர்களைப் பற்றி இந்தக் கையேடு பேசவில்லை. குண்டு விழுகிற வீட்டுக்காரன் பக்கம் நிற்பது வேறு, குண்டு செய்கிறவன் பக்கம் நிற்பது வேறு. இங்கே இருப்பது இரண்டாவது வகையினருக்கான வழிகாட்டி.

எதையும் கவிழ்த்துப் பார்க்காதீர்கள்

சேர்ந்தாயிற்று. இனி ஒரு கட்டுப்பாடு. உங்கள் மேசைமேல் இருக்கும் எந்தப் பொருளையும் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கூடாது.

சீனாவைத் திட்டுகிற பதிவை எழுதும் கைப்பேசி சீனாவில் பொருத்தப்பட்டிருக்கும். அமெரிக்காவைத் திட்டுகிற பதிவு ஏறி உட்காரும் முகநூல் அமெரிக்காவுடையது. அந்தக் கைப்பேசிக்குள் இருக்கிற சில்லு எங்கே சோதிக்கப்பட்டது என்று தேடப் போனால் பினாங்கில் போய் நின்றாலும் நிற்கும். உலகத்தில் சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கிற வேலையில் ஏறத்தாழ 13 சதவீதம் மலேசியாவில்தான் நடக்கிறது. அமெரிக்க இன்டெல் பினாங்கின் பாயான் லெப்பாசில் கடை விரித்தது 1972-இல். இப்போது அதே வட்டாரத்துக்குச் சீன நிறுவனங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. சண்டைக்காரர்கள் இருவருக்கும் ஒரே தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய்வருகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அண்ணன் அமெரிக்கக் கம்பெனி பேருந்தில், தங்கை சீனக் கம்பெனி பேருந்தில். அவர்களிடம் போய் நீங்கள் யார் பக்கம் என்று கேட்டுவிடாதீர்கள், பேருந்துக்கு நேரமாகிவிடும்.

வெளியே நிறுத்தியிருக்கிற புரோட்டோன் காரையும் விட்டுவிடுங்கள். தேசியக் கார் என்று மார்தட்டிக்கொண்டிருந்தோம். 2017-இலிருந்து அதில் 49.9 சதவீதம் சீனாவின் ஜீலி கையில். மீதி 50.1 நம்முடையது. அந்தப் புள்ளி ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

சேலைக் கடைக்குள் போகவே வேண்டாம். சூரத், குவாங்சோ, ஜகார்த்தா மூன்றும் ஒரே அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கடைக்காரத் தம்பி, "கலர் புடிச்சிருக்கான்னு மட்டும் பாருங்கக்கா" என்பார்.

பேச்சுக்கலை

தெருவோர மருந்து வியாபாரிகளிடம் கற்றுக்கொள்ளுங்கள். மஸ்ஜித் இந்தியா நடைபாதையின் பழைய பெருமை அவர்கள். ஒலிபெருக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வட்டமாகக் கூட்டத்தை நிறுத்தி, நடுவில் ஒரு மரப்பெட்டியை வைத்திருப்பார். உள்ளே பாம்பு இருக்கிறது, இதோ திறக்கிறேன், குழந்தைகள் பின்னால் போங்கள் என்று முக்கால் மணி நேரம் சொல்லுவார். எண்ணெய்ப் புட்டி விற்றுத் தீரும்வரை பெட்டி திறக்காது. வல்லரசுகளின் எதிரிகளும் அந்தப் பெட்டிக்குள்தான் குடியிருக்கிறார்கள். திறக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தூரத்து எதிரி கைக்கு எட்டாதபோது

பெய்ஜிங் வெகு தொலைவு. வாஷிங்டன் அதைவிடத் தொலைவு. கோபம் வந்தால் யாரிடம் காட்டுவது? அனுபவமுள்ள தொண்டர்கள் கண்டுபிடித்திருக்கிற வழி, பக்கத்து வீடு.

சீனா ஏதாவது செய்தால் பக்கத்து வீட்டுச் சீனரை ஒரு மாதிரி பாருங்கள். அவர் பெய்ஜிங்கைப் பார்த்ததில்லை, மாண்டரினே அரைகுறை, வீட்டில் ஹொக்கியேன் பேசுகிறார் என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது. நீங்கள் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டிருந்த காலத்தில் கடன் கணக்குக்கு அரிசி கொடுத்தது அவர் அப்பாவின் மளிகைக் கடைதான் என்பதையும் சேர்க்கக் கூடாது. உங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியதுபோல அவர் தாத்தாவும் ஒரு கப்பல் ஏறித்தான் வந்தார் என்ற நினைப்பு வந்தால், தலையை உதறிவிட்டுக் காணொளியைத் தொடர்ந்து பாருங்கள்.

இதில் நீங்கள் முன்னோடி என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ்காரர்கள் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியிருக்கிறார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போவதைத் தடுக்க வேண்டும் என்று 1950-இல் பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸின் திட்டம் வந்தது. ஏறத்தாழ 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் புதுக்கிராமங்கள் கட்டிக் குடியமர்த்தினார்கள். மாலை ஆனால் கதவு சாத்து, காலையில் வெளியே போகும்போது சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சோதனை. கோலாலம்பூர் ஜிஞ்சாங் அப்படிப் பிறந்த இடம். தோட்டத்து லயங்களில் இருந்த நம் ஆட்களையும் ஒரே இடமாகச் சேர்த்து வேலி போட்ட கதைகள் உண்டு. மாஸ்கோவுக்கும் லண்டனுக்கும் தகராறு, வேலி சிலாங்கூரில்.

உங்கள் பணப்பையில் இருக்கிற மைகாட் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் பாட்டி 1948-இல் பிறந்தவள். அவசரகாலச் சட்டத்தின் கீழ், யார் நம் ஆள் யார் காட்டு ஆள் என்று பிரித்துப் பார்க்கத்தான் அடையாள அட்டையைக் கட்டாயமாக்கினார்கள். இன்றைக்குக் கைப்பேசி எண் வாங்குவதற்கும் அதே அட்டைதான்.

மறதிப் பயிற்சி

தொண்டருக்கு ஆவேசம் பத்து நாளில் வந்துவிடும். மறதி வர வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். குறிப்பாக நம் ஊர்த் தொண்டருக்கு. ஏனென்றால் நம் பாட்டன் பூட்டன்களை வல்லரசுகள் பக்கம் மாற்றி மாற்றி நிற்கவைத்த கதை இந்த மண்ணில் அங்குலத்துக்கு அங்குலம் கிடக்கிறது. ஒன்றிரண்டை மறந்து காட்டுங்கள் பார்ப்போம்.

1943 அக்டோபரை மறக்க வேண்டும். அந்த மாதம் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். கூட நின்றது ஜப்பான். மலாயாத் தோட்டங்களிலிருந்து அவர் படைக்குத் தமிழ் இளைஞர்களும், அதன் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படைக்கு இளம்பெண்களும் கிளம்பிப் போனார்கள். கோலாலம்பூர்ப் பெண் ஜானகி அந்தப் படையில் கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். அதே அக்டோபரில்தான் 415 கிலோமீட்டர் சயாம் பர்மா ரயில்பாதையின் இரண்டு முனைகளும் வந்து சேர்ந்தன. அதைப் போட்டதும் ஜப்பான். அதே தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் அடியிலும் அங்கேயே போனார்கள். ஒரே லயத்தில் முதல் வீட்டுக்கு ஜப்பான்காரன் விடுதலைத் தோழன், மூன்றாவது வீட்டுக்கு எமன். ரெண்டு வீட்டுக்கும் நடுவே பொதுக் குழாய் ஒன்று. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தால் தொண்டு கெட்டுவிடும். யோசிக்காதீர்கள்.

மலாயாக் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கை மறக்க வேண்டும். ஜப்பான்காரர்களை எதிர்த்துக் காட்டில் போரிட்ட கம்யூனிஸ்டுப் படைக்கு ஆயுதம் இறக்கியது பிரிட்டன். போர் முடிந்ததும் 1946 ஜனவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் கையாலேயே அவருக்குப் பதக்கம் குத்தினார்கள். ஓ.பி.ஈ. விருதும் அறிவித்தார்கள். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டு தலைக்கு விலை வைத்தார்கள். ஆள் அதே ஆள், காடு அதே காடு. அந்தச் சண்டைக்குப் 'போர்' என்று பெயர் வைக்காததற்குக் கூட ஒரு கணக்கு உண்டு. போர் என்று சொல்லிவிட்டால் தோட்டத் துரைமார்களுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்பார்கள் வரலாறு எழுதியவர்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், கணபதியை மறப்பது. எஸ். ஏ. கணபதி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், நேதாஜியின் படையில் பயிற்சியாளராக இருந்தவர். போருக்குப் பிறகு மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். அந்தச் சம்மேளனத்துக்குப் பின்னால் இருந்ததோ, ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டிலிருந்த அதே கம்யூனிஸ்டுக் கட்சி. நேற்று எதிரெதிர் முகாமில் இருந்தவர்கள் இன்று ஒரே சங்கத்தில் கூலி உயர்வு கேட்டார்கள். வல்லரசுக் கணக்கில் இதற்குக் கட்டமே கிடையாது. தோட்டத்துக் கணக்கில் உண்டு: பால்மரம் வெட்டுகிறவனுக்கு நாள்கூலி எவ்வளவு என்பது.

1949-இல் ரவாங் பக்கம் கணபதி பிடிபட்டார். கையில் துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை. நேரு அரசாங்கம் கருணை கேட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில்தான் லண்டனில், குடியரசானாலும் காமன்வெல்த்தில் இருப்போம் என்று இந்தியா ஒப்புக்கொண்டு கைகுலுக்கியிருந்தது. சில நாள் கழித்து, மே 4-ஆம் தேதி, புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு அடுத்துப் பொறுப்புக்கு வந்த வீரசேனன் அதற்கு முதல் நாள் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். இதேபோல மரண தண்டனை பெற்ற இன்னொரு தமிழர் சாம்பசிவம். அவர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1950-இல் தண்டனை ரத்தானது. மேல்முறையீட்டுக் காகிதங்கள் கப்பலில் போய்வருகிற வரைக்கும் ஒருவர் உயிரோடு இருந்தார், இன்னொருவர் இல்லை.

புடு சிறையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். சிறையை இடித்தாயிற்று. நுழைவாயில் வளைவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே இப்போது லாலாபோர்ட் என்று பெரிய பேரங்காடி, 2022-இல் திறந்தது. நடத்துவது ஜப்பானிய நிறுவனம். ஜப்பான் ஆட்சியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளை அடைத்த சிறை, பிறகு வெள்ளைக்காரன் கணபதியைத் தூக்கிலிட்ட சிறை, இப்போது மச்சா ஐஸ்கிரீமுக்கு வரிசை. ஐஸ்கிரீம் நன்றாகத்தான் இருக்கிறது.

அரசாங்கத்தை நம்பாதீர்கள்

மலேசியத் தொண்டரின் மிகப் பெரிய துக்கம், சொந்த அரசாங்கமே ஒத்துழைக்காதது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்பார்களே, அதை வெளியுறவுக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள்.

1971 நவம்பரில் கோலாலம்பூரில் ஐந்து ஆசியான் நாடுகளைக் கூட்டிவைத்து, இந்த வட்டாரம் அமைதி, சுதந்திரம், நடுநிலை மண்டலம் என்று பிரகடனம். வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் அது. 1974 மே மாதம் பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் போய் மாவோவைப் பார்த்து, ஆசியான் நாடுகளில் முதலாவதாகச் சீனாவோடு உறவு வைத்துவிட்டு வந்தார். இங்கே காட்டில் சீனா ஆதரித்த கம்யூனிஸ்டுகளோடு ராணுவத்துக்குச் சண்டை தீரவில்லை. அது தீர இன்னும் பதினைந்து வருடம் ஆயிற்று. கைகுலுக்கலும் சண்டையும் ஒரே சமயத்தில்.

போர்விமானம் வாங்கியதைக் கேட்டால் அழுதுவிடுவீர்கள். 1990-களில் ரஷ்யாவிடம் 18 மிக்-29, அமெரிக்காவிடம் 8 ஹார்னெட். ஒரே ஆகாயப்படை, ஒரே பத்தாண்டு. மிக் விமானங்களுக்கு விலையில் ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகவே கொடுத்தார்கள். பிறகு ரஷ்யாவிடமே 18 சுகோய் வாங்கியபோது, கொசுறாக ஒரு மலேசியரை விண்வெளிக்கு அனுப்பித் தரச் சொன்னார்கள். 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸாஃபர் சோயுஸில் ஏறிப் போய்விட்டு வந்தார். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கேட்டு வாங்குகிற சாமர்த்தியம் நாட்டுக்கே இருந்திருக்கிறது.

2025-இல் இன்னும் மோசம். ஜனவரி 1-ஆம் தேதி பிரிக்ஸ் (BRICS) கூட்டமைப்பின் கூட்டாளி நாடு. ஏப்ரல் 15-இலிருந்து 17 வரை சீ ஜின்பிங்குக்குச் சிவப்புக் கம்பளம். அதே கம்பளத்தை உதறி மடித்து வைத்திருந்து, அக்டோபர் 26-ஆம் தேதி டிரம்புக்கு விரித்தார்கள். அவர் விமானத்திலிருந்து இறங்கி நடனக் குழுவோடு ஆடியும் காட்டினார். நம் ஊர்த் தொண்டர்களில் ஒரு சாரார் ஏப்ரலில் கறுப்புமுகம், இன்னொரு சாரார் அக்டோபரில் கறுப்புமுகம். அரசாங்கத்துக்கு ரெண்டு மாதமும் சிரித்தமுகம்.

சிரிப்பு அத்தனை இலவசமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டிரம்ப் வந்த அன்றே கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அமெரிக்கா தன் பாதுகாப்பைக் காரணம் காட்டி வேறொரு நாட்டின் மீது கட்டுப்பாடு போட்டால், மலேசியாவும் அதற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டிவரும் என்ற பொருளில். வேறொரு நாடு எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாடாளுமன்றத்தில் அதைப் பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள். பக்கம் சேர்வது பற்றி இந்தத் தெருவில் விளையாட்டாகப் பேசியதெல்லாம் அங்கே ஒப்பந்த வாசகமாக வந்து உட்கார்ந்திருந்தது. விலாங்கின் வாலை ஒருவர் மிதித்துப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். தொண்டர்கள் அந்தப் பிரிவைப் படிக்கவில்லை. நடனக் காணொளியைப் பார்த்தார்கள்.

நாணய மாற்றுக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். உலகம் ரெண்டுபட்டால் நாணய மாற்றுக்காரருக்கு. தொண்டருக்கு உடம்புக்கு ஆகாத ஆள் இந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பலகையில் கொடிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு கொடிக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை. நூறு டாலர் தாளைக் கொடுங்கள். விளக்குக்கு நேரே ஒரு தரம் பிடிப்பார். பிறகு பெஞ்சமின் பிராங்க்ளினின் தோள்பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுவார். அச்சு மேடாக நகத்தில் தட்டினால் நல்ல தாள். அடுத்து ஒருவர் நூறு யுவான் கொடுப்பார். அதே நகம் மாவோவின் சட்டைக் காலரைச் சுரண்டும். இந்த இரண்டு பேரும் இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை, ஒரே மேசை இழுப்பறையில் அடுத்தடுத்த கட்டுகளில். மடிப்பு விழுந்த டாலர், பழைய சின்னத்தலை டாலர், ஐந்து பத்து என்ற சில்லறை டாலர் எல்லாவற்றுக்கும் விலை குறைத்துத்தான் கொடுப்பார். வல்லரசின் மேலுள்ள மரியாதை தாளின் மடிப்புவரை செல்லாது.

அவரிடம் ஒரு தொண்டர் பேசப் போனதை வரிசையில் நின்று கேட்டேன்.

"நானா, டாலர் காலம் முடிஞ்சிச்சுன்னு சொல்றாங்களே?"

"எவ்வளவு வேணும்?"

"வாங்க வரலே. சீனா இனி எல்லாத்தையும்..."

"யுவானா? இருக்கு. எவ்வளவு வேணும்?"

"இல்லே நானா, யாரு ஜெயிப்பாங்கன்னு..."

"தம்பி, பின்னால ஆளு நிக்கிது."

1998 செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டிப்போட்டதையும், 2005 ஜூலையில் அவிழ்த்துவிட்டதையும், 2024 பிப்ரவரியில் அது 4 வெள்ளி 80 காசுவரை போய்த் திரும்பியதையும் இந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தவர்கள் நாணய மாற்றுக்காரர்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறை வாழைமர நோட்டையும் பார்த்திருக்கிறது. ஜப்பான்காரன் அடித்த பத்து டாலர் தாள், வாழைமரம் போட்டது. 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்த அன்றோடு அதற்கு மதிப்பில்லை. சாக்கில் கட்டி வைத்திருந்தவர்கள் சாக்கை மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜப்பானே ஜெயிக்கும் என்று பணயம் வைத்த தொண்டர் அன்றைக்கும் யாராவது இந்தத் தெருவில் இருந்திருப்பார்.

உங்கள் வல்லரசு ராசியாகிவிட்டால்

இதுதான் தொண்டர் வாழ்க்கையின் ஆகப் பெரிய ஆபத்து. முன்னறிவிப்பே இருக்காது.

2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு 145 சதவீதம்வரை வரி ஏற்றியது, சீனா 125 என்றது. இந்தத் தெருவில் அதை வைத்து நண்பர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். அக்டோபர் 25, 26 தேதிகளில் அமெரிக்க நிதியமைச்சர் பெசன்ட்டும் சீனத் துணைப் பிரதமர் ஹே லிஃபெங்கும் எங்கே உட்கார்ந்து பேசினார்கள் தெரியுமா? இங்கே, மெர்டேக்கா 118 கட்டடத்தில். மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆசியான் மாநாட்டுக்காக நகரத்தில் சாலைகளை அடைத்திருந்தார்கள். ரெண்டு தரப்புக்கும் இங்கே பல மாதமாகச் சம்பளமில்லாமல் வாதாடியவர்கள், வண்டியைத் திருப்ப வழியில்லாமல் நெரிசலில் நின்றார்கள். அந்த வாரமே, 30-ஆம் தேதி, டிரம்பும் சீயும் கொரியாவில் புசானில் சந்தித்து வரிச் சண்டையைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்தார்கள்.

இப்படிப்பட்ட நாள்களில் தொண்டர் கடைப்பிடிக்க வேண்டியது: கைப்பேசியில் பழைய பதிவுகளை அழிக்கவும். முறைத்துக்கொண்ட நண்பருக்கு உடனே ஃபோன் போட வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். கடையில் பேச்சு வந்தால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடவும். அதற்கும் மேல் முடியவில்லை என்றால் லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் ஆதரவாளர்கள் உட்கார்ந்திருக்கிற மேசைக்கு மாறிப் போய்விடுங்கள். அங்கே எந்தக் காலத்திலும் ஒப்பந்தம் கையெழுத்தாகாது.